ட்ரேயில் நின்றுபோகும் பஞ்சாமிர்தம்

சென்னை விமான நிலையத்திலிருந்து வெளிநாடு செல்பவர் முதலில் விமான நிறுவனத்தின் கவுன்ட்டரில் பெரிய பெட்டிகளை ஒப்படைக்கிறார். அடுத்து இமிகிரேஷனில் பாஸ்போர்ட்டில் முத்திரை விழுகிறது. அதற்கும் பிறகுதான் கைப்பையை ட்ரேயில் வைத்து ஸ்கேனருக்குள் அனுப்பும் இடம் வருகிறது. பயணிகள் படும் அவதியில் பாதிக்குக் காரணம் இந்த வரிசைதான். கைப்பையில் இருக்கும் அரைக் கிலோ பழநி பஞ்சாமிர்த டப்பாவைக் கொண்டுபோகக் கூடாது என்று அங்கே சொல்லும்போது, அதை மாற்றி வைக்கப் பெட்டி கையில் இல்லை. அது பெல்ட்டில் ஏறிப் போய்விட்டது. யாரிடமாவது கொடுத்தனுப்பலாம் என்றால், வழியனுப்ப வந்தவர்கள் முனையத்தின் வாசலோடு நிறுத்தப்பட்டவர்கள். திரும்பிப் போய்ப் பெட்டியில் சேர்க்கலாம் என்றால், முத்திரை விழுந்த பாஸ்போர்ட்டோடு பின்னால் நடப்பது சாதாரணக் காரியம் அல்ல. விமான நிறுவன ஊழியர் துணைக்கு வர வேண்டும், நேரமும் இருக்க வேண்டும். பெரும்பாலோர் டப்பாவை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறார்கள்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்திலிருந்து இந்த ட்ரே வரைக்கும், போக்குவரத்து ஒத்துழைத்தால், ஏறக்குறைய ஒரு மணி நேரப் பாதை. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையிலிருந்து சான்ட்ரோ கார் வெளிவரத் தொடங்கியதோடு இந்தப் பாதையில் பன்னாட்டுப் பயணிகளின் நடமாட்டமும் தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2012-ல் பாரத்பென்ஸ் லாரிகளைச் செய்யும் டைம்லர், வல்லம் வடகாலில் யமஹா, சுங்குவார்சத்திரத்தில் சாம்சங், ஃபாக்ஸ்கான் என்று ஆலைகள் வரிசை கட்டின. கொரிய எழுத்தில் பெயர்ப்பலகை வைத்த உணவகங்கள் நெடுஞ்சாலை ஓரத்தில் வந்தன. விடுமுறையில் ஊருக்குப் போகும் கொரியப் பொறியாளர், பயிற்சிக்காக முதல்முறையாக விமானம் ஏறும் டிப்ளமோ இளைஞர், புவனேஸ்வரத்துக்கோ குவாஹாட்டிக்கோ பண்டிகைக்குத் திரும்பும் ஒப்பந்தத் தொழிலாளி, அமெரிக்காவில் மகளின் பிரசவத்துக்குப் புறப்பட்ட காஞ்சிபுரத்துத் தாய் ஆகிய எல்லாரும் ஒரே விமான நிலையத்துக்குத்தான் போகிறார்கள். ஒருவர் பையில் பட்டுச்சேலையும் பித்தளை விளக்கும் இருக்கும். இன்னொருவர் பையில் ஊறுகாய், இன்னொருவர் பையில் ஆலையிலிருந்து எடுத்த மாதிரிப் பொருள். எது போகும், எது நிற்கும் என்பது அந்த ட்ரே வரும்வரை பலருக்கும் தெரியாது.

விதியை வெறும் கெடுபிடி என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் மரணங்கள் உண்மையானவை. அவற்றுள் ஒன்று சென்னை விமான நிலையம் இருக்கும் இதே மீனம்பாக்கத்தில் நடந்தது. 1984 ஆகஸ்ட் 2 இரவு, கொழும்பு விமானத்துக்காகப் பதிவு செய்யப்பட்ட பெட்டிகள் ஏறவேண்டிய பயணி இல்லாமலே நிலையத்தில் கிடந்தன. விமானத்தில் வெடிக்க வேண்டிய குண்டு கட்டடத்துக்குள்ளேயே வெடித்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு, 1985 ஜூன் 23 அன்று, ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்துக் கடலோரம் வெடித்துச் சிதறி 329 பேர் மாண்டார்கள். அங்கேயும் பெட்டி ஏறியது, பயணி ஏறவில்லை. 1978 முதல் சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககத்துக்குள் ஒரு பிரிவாக இருந்த பி.சி.ஏ.எஸ். என்ற பாதுகாப்புப் பணியகம், கனிஷ்காவுக்குப் பிறகு, 1987 ஏப்ரலில் தனித் துறையாக்கப்பட்டது. இன்று இந்திய விமான நிலையங்களில் எதைக் கொண்டுபோகலாம் என்று முடிவு செய்வது அந்தப் பணியகம். ட்ரே அருகில் நின்று அதை நடைமுறைப்படுத்துவது சி.ஐ.எஸ்.எஃப். எனப்படும் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை. 1999 டிசம்பரில் காந்தகாருக்குக் கடத்தப்பட்ட ஐ.சி. 814 விமானத்துக்குப் பிறகு, 2000 முதல் விமான நிலையங்கள் ஒவ்வொன்றாக அதன் பொறுப்பில் வந்தன.

ஸ்ரீபெரும்புதூருக்கோ இந்தப் பாடத்தைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1991 மே 21 இரவு அந்த ஊரில் ராஜீவ் காந்தியை நெருங்கிய பெண்ணின் கையில் இருந்தது சந்தன மாலை. குண்டு ஆடைக்குள் இடுப்புப் பட்டையில் இருந்தது. மரியாதைக்குரிய பொருளோடு வருபவரைச் சோதிக்க மனிதர்களுக்கு இயல்பாகவே ஒரு தயக்கம் உண்டு. அந்தத் தயக்கத்தைத் துணையாகக் கொள்ள ஒருவரால் முடியும் என்பதை நாடு அன்று கண்டது. பிரசாத டப்பாவையும் திறந்துகாட்டச் சொல்லும் காவலரின் மேல் கோபம் வரும்போது, இதை நினைவில் வைத்துக்கொள்வது நியாயம்.

திரவத்தின் கதை தனி. 1987 நவம்பர் 29 அன்று பாக்தாத்திலிருந்து அபுதாபி, பாங்காக் வழியாகச் சியோல் போய்க்கொண்டிருந்த கொரிய விமானம் அந்தமான் கடலுக்கு மேல் வெடித்தது. 115 பேரும் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பகுதியினர் வளைகுடா நாடுகளில் கட்டுமான வேலை முடித்து வீடு திரும்பிக்கொண்டிருந்த கொரியத் தொழிலாளர்கள். வட கொரிய உளவாளிகள் இருவர் ஒரு வானொலிப் பெட்டியையும், திரவ வெடிபொருள் நிரப்பிய ஒரு மது பாட்டிலையும் இருக்கைக்கு மேலே வைத்துவிட்டு அபுதாபியில் இறங்கிப் போயிருந்தார்கள். இருங்காட்டுக்கோட்டையில் இன்று வேலை பார்க்கும் கொரியர்களில் நடுவயது தாண்டியவர்களுக்கு இது சிறுவயது நினைவு. ஏழு ஆண்டு கழித்து, 1994 டிசம்பர் 11 அன்று, மணிலாவிலிருந்து செபு வழியாகத் தோக்கியோ போன பிலிப்பைன்ஸ் விமானத்தில் குண்டு வெடித்து ஒரு ஜப்பானியப் பயணி உயிரிழந்தார். கான்டாக்ட் லென்ஸ் கழுவும் மருந்து பாட்டிலில் நைட்ரோகிளிசரின் கொண்டுவரப்பட்டிருந்தது.

இத்தனைக்குப் பிறகும் பாட்டில்களை யாரும் தடுக்கவில்லை. 2006 ஆகஸ்ட் 10 அன்று லண்டன் காவல்துறை ஒரு சதியை முறியடித்த பிறகுதான் உலகம் விழித்தது. அரை லிட்டர் குளிர்பான பாட்டில்களில் ஹைட்ரஜன் பெராக்சைடு கலவையை நிரப்பி, அட்லாண்டிக்கைக் கடக்கும் பல விமானங்களை ஒரே நேரத்தில் தகர்க்கத் திட்டமிட்டிருந்தார்கள். அன்று காலை பிரிட்டன் விமான நிலையங்களில் கைப்பையே தடை செய்யப்பட்டது. தாய்மார்கள் குழந்தையின் பாலைக் காவலர் முன்னால் குடித்துக் காட்ட வேண்டியிருந்தது. சில வாரங்களில் தடை தளர்ந்து, இன்று நாம் அறிந்த வடிவத்துக்கு வந்தது: ஒவ்வொரு பாட்டிலும் 100 மில்லிலிட்டருக்கு மேற்படக் கூடாது, எல்லா பாட்டில்களும் ஒரு லிட்டர் கொள்ளும் ஒரே தெளிவான பிளாஸ்டிக் பைக்குள் அடங்க வேண்டும். அமெரிக்கா 2006 செப்டம்பரிலும், ஐரோப்பிய ஒன்றியம் நவம்பரிலும் இதை ஏற்றன. பன்னாட்டுச் சிவில் விமான அமைப்பு பரிந்துரைத்த பிறகு மற்ற நாடுகளும் பின்தொடர்ந்தன. அவசரத்துக்கு வந்த தற்காலிக ஏற்பாடு அது. இருபது ஆண்டாகப் போகிறது.

இந்த விதியில் பயணிகள் தடுக்கி விழும் முதல் இடம் அளவு. 100 மில்லி என்பது பாட்டிலின் கொள்ளளவு. உள்ளே மிச்சமிருக்கும் பொருளின் அளவு அல்ல. 200 மில்லி தேங்காய் எண்ணெய் பாட்டிலில் அடியில் ஒரு விரற்கடை எண்ணெய்தான் இருக்கிறது என்று வாதாடிப் பயனில்லை. மருந்து, குழந்தை உணவு, சிறப்பு உணவுத் தேவை ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. இன்சுலின் கொண்டுபோகிறவர் மருத்துவர் சீட்டையும் கையில் வைத்திருந்தால் பேச்சு சீக்கிரம் முடிகிறது.

அடுத்தது, எது திரவம் என்ற கேள்வி. தமிழ்நாட்டுப் பலகாரத்தில் பாதி இந்தக் கேள்வியில்தான் சிக்குகிறது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் போகும். திருப்பதி லட்டு போகும். காஞ்சிபுரம் கோயில் இட்லி போகும். பழநிப் பஞ்சாமிர்தம் 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பொருள். வாழைப்பழமும் நாட்டுச் சர்க்கரையும் தேனும் நெய்யும் குழைந்த கூழ் என்பதால் அது நிற்கும். ஊறுகாய், நெய், தேன், புளிக்காய்ச்சல், எண்ணெயில் குழைத்த இட்லிப் பொடி எல்லாம் நிற்கும். கொரியர்களுக்கும் இதே துன்பம்தான்: சாறு ஊறிய கிம்ச்சியும் கோச்சுஜாங் மிளகாய் விழுதும் சியோலின் இஞ்சியோன் விமான நிலையத்தில் கைப்பையில் போகாது. திருநெல்வேலி அல்வாவும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் இரண்டுங்கெட்டான்கள். வெட்டினால் துண்டாக நிற்பதால் சிலர் விடுகிறார்கள். தொட்டால் குழைவதால் சிலர் தடுக்கிறார்கள். ஒரே பொருள் ஒரு வாரம் போய், மறுவாரம் நின்றால் பயணிக்கு விதியின் மேல் நம்பிக்கை போய்விடுகிறது.

காவலர் பக்கத்திலிருந்து பார்த்தால் சித்திரம் மாறுகிறது. வழக்கமான எக்ஸ்ரே திரையில் உலோகம் நீலமாகவும், உணவு, துணி, காகிதம் போன்ற கரிமப் பொருள்கள் ஆரஞ்சாகவும், இடைப்பட்டவை பச்சையாகவும் தெரிகின்றன. வெடிபொருளும் பெரும்பாலும் கரிமப் பொருள்தான். அழுத்தமான ஓர் ஆரஞ்சுக் கட்டி அல்வாவா, மைசூர்பாகா, வேறு ஏதாவதா என்று திரையைப் பார்க்கிறவர் சில நொடிகளில் முடிவு செய்ய வேண்டும். சந்தேகம் வந்தால் பை ஒதுக்கப்படுகிறது. எவர்சில்வர் தூக்கு என்றால் இன்னும் சிரமம்: சுவர் உலோகம், உள்ளே எண்ணெய், அதற்கு அடியில் காய்த்துண்டு, வாயில் துணி கட்டி ரப்பர் பேண்டு. காவலர் ஒரு சிறு துணிப்பட்டையை அதன் விளிம்பில் தேய்த்து, வெடிபொருள் துகளைக் கண்டறியும் கருவிக்குள் செருகுகிறார். கருவி ஒன்றுமில்லை என்று சொன்னாலும் தூக்கு போகாது. வெடிபொருள் இல்லை என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் அளவு 100 மில்லியைத் தாண்டுகிறது. பயணிக்கு இது புரியாத இடம். விதியோ அளவைப் பற்றியது.

இத்தனைக்கும் நடுவே உள்நாட்டுப் பயணத்துக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்கும் நடைமுறை வேறு. உள்நாட்டு விமானத்தில் தண்ணீர் பாட்டிலைப் பொதுவாகத் தடுப்பதில்லை. கோயம்புத்தூரிலிருந்து சென்னை வந்து அங்கிருந்து சிங்கப்பூர் போகிறவர், காலையில் ஒரு ஸ்கேனரைத் தாண்டி வந்த அதே பாட்டிலைப் பிற்பகலில் இன்னொரு ஸ்கேனரில் இழக்கிறார்.

தேங்காயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் விதி இறங்கிவர முடியும் என்பதற்கு அதுவே நல்ல சான்று. கொப்பரையில் எண்ணெய் மிகுதி. குவித்து வைத்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று ஐ.நா.வின் அபாயப் பொருள் பட்டியலில் 1363 என்ற எண்ணோடு அது இருக்கிறது. அதனால் கொப்பரைக்குக் கைப்பையிலும் இடமில்லை, பெரிய பெட்டியிலும் இடமில்லை. முழுத் தேங்காய் கைப்பையில் கூடாது என்பது வழக்கமான விதி. ஆனால் சபரிமலைக்கு இருமுடி கட்டிய பக்தர் நெய் நிரப்பிய தேங்காயைச் சரக்குப் பெட்டியில் போட மாட்டார். அது அவர் தலையில் சுமக்கும் விரதம். இதை உணர்ந்து, 2022 நவம்பரில் பி.சி.ஏ.எஸ்., இருமுடித் தேங்காயை உரிய சோதனைக்குப் பிறகு கைப்பையில் அனுமதிக்க உத்தரவிட்டது. 2024 அக்டோபரிலும் 2025 ஜனவரி 20 வரை அதே சலுகை வந்தது. எக்ஸ்ரே, துகள் சோதனை, கையால் சோதனை மூன்றும் செய்துவிட்டு அனுப்பினார்கள்.

நெய் நிரப்பிய தேங்காயையே சோதித்து அனுப்ப முடிகிறது என்றால், மற்ற வழிபாட்டுப் பொருள்களுக்கும் பருவம் சார்ந்து யோசிக்க இடம் இருக்கிறது. தைப்பூசம் ஜனவரி பிற்பகுதியிலோ பிப்ரவரியிலோ வருகிறது. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்கள் பழநி வந்து திரும்பும் காலம் அது. இருமுடிக்குக் கிடைத்த கவனத்தில் ஒரு பங்கு அவர்களுக்கும் கிடைக்கலாம். கற்பூரம் மட்டும் விதிவிலக்கு கேட்கக் கூடாத பொருள். எளிதில் தீப்பற்றும் திடப்பொருள் என்பதால் அது கையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. தீபாவளிக்கு ஊர் போகும் இளைஞர் மத்தாப்புப் பெட்டியைச் சட்டைக்குள் சுற்றி வைப்பதும் அப்படித்தான்; விமானத்தில் தீ என்பது யாருக்கும் இரண்டாவது வாய்ப்புத் தராத விபத்து.

மாறிச் செல்லும் விமானங்களில்தான் பணம் அதிகம் போகிறது. ஒரகடத்துக்கு நேரடித் தோக்கியோ இணைப்பு கொஞ்ச காலம் இருந்தது: 2019 அக்டோபரில் ஆல் நிப்பான் ஏர்வேஸ் நரிதாவிலிருந்து சென்னைக்கு விமானம் விட்டது. பெருந்தொற்று வந்ததும் 2020-ல் அது நின்றது. சிங்கப்பூர், பாங்காக், கோலாலம்பூர், ஹாங்காங் என்று ஏதாவது ஒரு நிலையத்தில் இறங்கி ஏறுபவர்கள் பலர். சென்னை டியூட்டி ஃப்ரீ கடையில் வாங்கிய மதுவோ வாசனைத் திரவியமோ, கடைக்காரர் சீல் வைத்துக் கொடுத்த சிவப்பு விளிம்புப் பையிலேயே, ரசீது வெளியில் தெரியும்படி, கடைசி விமானம் வரை பிரிக்காமல் இருக்க வேண்டும். நடுவில் பரிசைப் பார்க்க ஆசைப்பட்டுப் பையைக் கிழித்தால் அடுத்த நிலையத்தில் அது சாதாரணத் திரவம் ஆகிவிடுகிறது. சிங்கப்பூர் சாங்கியின் பெரும்பாலான முனையங்களில் பாதுகாப்புச் சோதனை விமானக் கதவுக்கு அருகிலேயே நடப்பதால், மாறிச் செல்பவரும் மறுபடி ஒருமுறை பையைக் காட்டித்தான் ஆக வேண்டும். வெளியில் ஊருக்குள் கடையில் வாங்கிய பாட்டிலுக்கு எந்த சீலும் காப்பு அல்ல; அது பெரிய பெட்டியில்தான் போக வேண்டும்.

அமெரிக்கா போகிறவர்களுக்குப் பொடிகளும் கவலை. 2018 ஜூன் 30 முதல் அமெரிக்கா செல்லும் விமானங்களில் 350 மில்லிக்கு மேற்பட்ட பொடி கைப்பையில் இருந்தால் கூடுதல் சோதனை உண்டு. என்னவென்று தீர்க்க முடியாவிட்டால் பொடி விமானத்தில் ஏறாது. சாம்பார்ப் பொடியும் மஞ்சள் தூளும் பெரிய பெட்டியில் போவதே நல்லது. சென்னையில் விட்டார்களே என்று நிம்மதி கொள்ளவும் முடியாது. அமெரிக்க விமானம் புறப்படும் பிராங்க்ஃபர்ட்டிலோ தோஹாவிலோ மறுபடி பார்ப்பார்கள்.

இந்த வட்டாரத்துக்கே உரிய ஒரு தலைவலி, தொழிற்சாலைச் சாமான்கள். வாகன உதிரிபாகம் செய்யும் நிறுவனத்தின் பொறியாளர் மாதிரிப் பொருளைக் கையோடு எடுத்துப்போய் வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் காட்டுவது வழக்கம். கூரியரில் அனுப்பினால் சுங்கத் தாள்கள், நாள்கணக்கு. ஆனால் பெயின்ட், தின்னர், பல வகைப் பசைகள், ஸ்ப்ரே டப்பாக்கள் ஆகியவை எளிதில் தீப்பற்றும் சரக்குகள். பயணப் பெட்டியில் எங்கும் வைக்கக் கூடாது. ஓடிய வண்டியிலிருந்து கழற்றிய எரிபொருள் பம்பு, துடைத்து வைத்தாலும் பெட்ரோல் வாடை அடித்தால் நிறுத்தப்படும். ஸ்பானரும் ஸ்க்ரூடிரைவரும் கைப்பையில் போகாது. கையில் போகவே கூடாத இவற்றுக்கு நேர்மாறானது பேட்டரி: பவர் பேங்க் பெரிய பெட்டியில் போகக் கூடாது, கைப்பையில்தான் போக வேண்டும். வரம்பு 100 வாட்-மணி. சந்தையில் பரவலாகக் கிடைக்கும் 20,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்க் ஏறத்தாழ 74 வாட்-மணி என்பதால் அதற்குள் அடங்கிவிடும். 2025 ஜனவரி 28 அன்று பூசானின் கிம்ஹே நிலையத்தில் நின்றிருந்த ஏர் பூசான் விமானம் தீப்பற்றி எரிந்தது. பவர் பேங்க் மேல் சந்தேகம் விழுந்தது. மார்ச் 1 முதல் கொரிய விமானங்களில் பவர் பேங்கைத் தலைக்கு மேல் உள்ள பெட்டியில் வைக்கக் கூடாது, கண்ணெதிரே வைத்திருக்க வேண்டும் என்று விதி வந்தது. செல்போன்கள் உருவாகும் ஊரிலிருந்து கொரியா போகிறவர்களுக்கு இது முக்கியமான செய்தி.

நினைவுப் பொருள்களில் பாதுகாப்புச் சோதனை ஒரு வாசல்தான். அதற்கு அப்பால் சுங்கம், வனவிலங்குச் சட்டம், போய் இறங்கும் நாட்டின் சட்டம் என்று வேறு வாசல்களும் உண்டு. பயணி எல்லாவற்றையும் ஒரே "ஏர்போர்ட் ரூல்ஸ்" என்று எடுத்துக்கொள்வதால் குழப்பம் பெருகுகிறது. சுவாமிமலையில் சென்ற மாதம் வார்த்த நடராஜர் சிலையே ஆனாலும், அது பழம்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையின் சான்று இல்லாமல் போனால் சுங்கத்தில் நிற்க வாய்ப்புண்டு. 1972-ஆம் ஆண்டுப் பழம்பொருள் சட்டம் நூறு ஆண்டு கடந்த கலைப்பொருள் நாட்டைவிட்டுப் போவதைத் தடுக்கிறது, பார்த்தவுடன் வயது சொல்வது எளிதல்ல. தமிழ்நாட்டுக் கோயில் சிலைகள் எத்தனை வெளிநாட்டு அருங்காட்சியகங்களிலிருந்து மீட்டு வரப்பட்டிருக்கின்றன என்பதை நினைத்தால் இந்தக் கண்டிப்பில் தவறு சொல்ல முடியாது. சிலையை விற்கும் கடைக்காரரே சான்று பற்றி வாங்குபவரிடம் சொல்லிவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

மயிலிறகு விசிறி உள்நாட்டில் சட்டப்படி விற்கிறது. வெளிநாடு கொண்டுபோவது தடை. மாமல்லபுரம் கடற்கரையில் வாங்கிய பவளத் துண்டும் வனவிலங்குச் சட்டத்தில் சிக்கும். மாமல்லபுரத்துக் கல் விநாயகருக்குச் சட்டத் தடை இல்லை; ஆனால் கைப்பைக்கு ஏழு கிலோ என்ற வரம்பும், கனமான கல்லைக் கையில் கொடுத்து அனுப்பலாமா என்ற காவலரின் தயக்கமும் குறுக்கே நிற்கும். குருமாவுக்குப் போடும் கசகசா இங்கே மளிகைக் கடையில் கிடைப்பது. சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் தடை செய்யப்பட்ட பொருள். கறிவேப்பிலையை அமெரிக்கா உள்ளே விடாது, எலுமிச்சை இன மரங்களைத் தாக்கும் பூச்சி அதோடு வரும் என்பதால்.

100 மில்லி விதி உண்மையிலேயே பாதுகாக்கிறதா? அமெரிக்கப் பாதுகாப்பு வல்லுநர் புரூஸ் ஷ்னையர் இதுபோன்ற ஏற்பாடுகளைப் பாதுகாப்பு நாடகம் என்றே சொல்லிவந்தார். பலர் சேர்ந்து சிறு சிறு பாட்டில்களாகக் கொண்டுவந்து ஒன்றாக்கினால் என்ன செய்வது என்ற கேள்வி முதல் நாளிலிருந்தே இருக்கிறது. இந்த விதி பிறந்தபோது அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தலைவராக இருந்த கிப் ஹாலியே, பதவியிலிருந்து போன பிறகு, 2012-ல், திரவத் தடையைத் தளர்த்தலாம் என்று எழுதினார். ஆனாலும் பாட்டில் சிறிதானால் சதிக்குத் தேவையான ஆள்களும் ஏற்பாடுகளும் கூடுகின்றன, சிக்கும் வாய்ப்பும் கூடுகிறது என்ற வாதத்தில் வலு இருக்கிறது. விதியை எடுத்துவிடுவதா என்பதைவிட, அதைத் தேவையற்றதாக்கும் கருவி வந்ததா என்பதே சரியான கேள்வி.

கருவி வந்துகொண்டிருக்கிறது. மருத்துவமனை சி.டி. ஸ்கேன் போலப் பையை எல்லாப் பக்கமும் படமெடுத்து, உள்ளிருக்கும் பொருளின் அடர்த்தியையும் கணக்கிடும் ஸ்கேனர்கள் ஐரோப்பாவில் பரவுகின்றன. பாதை நேராக இல்லை. 2023-ல் லண்டன் சிட்டி நிலையம் 100 மில்லி வரம்பை நீக்கியது; 2024 ஜூனில் பிரிட்டிஷ் அரசு, அப்படி நீக்கியிருந்த ஆறு சிறு நிலையங்களில் வரம்பைத் திரும்பக் கொண்டுவந்தது. 2024 செப்டம்பர் 1 அன்று ஐரோப்பிய ஒன்றியமும் கருவியின் துல்லியத்தில் ஐயம் எழுந்து பின்வாங்கியது. 2025 ஜூலையில் எடின்பரோவும் பர்மிங்காமும் இரண்டு லிட்டர் வரை அனுமதித்தன. இப்படி நாட்டுக்கு நாடு மாறுவதால் போகும்போது சரியாக இருந்தது வரும்போது தவறாகிறது. எடின்பரோவில் ஒரு லிட்டர் பாட்டிலோடு ஏறியவர், நடுவில் மாறும் நிலையத்தில் அதை இழக்கலாம். இந்தியாவின் பெரிய நிலையங்களுக்கும் இத்தகைய கருவிகள் வரவேண்டும் என்று பி.சி.ஏ.எஸ். வலியுறுத்திவருகிறது. விலை அதிகம், எடை அதிகம், பழைய கட்டடங்களில் தளத்தைப் பலப்படுத்த வேண்டும். எனவே இன்னும் சில ஆண்டுகளுக்கு 100 மில்லியோடுதான் வாழ வேண்டியிருக்கும்.

அதுவரை குறைக்கக்கூடிய துன்பங்கள் உண்டு. அவற்றில் பெரியது மொழி. 2020 ஆகஸ்டில் சென்னை விமான நிலையத்தில், இந்தி தெரியாது என்று சொன்னதற்கு ஒரு காவலர், நீங்கள் இந்தியரா என்று தன்னைக் கேட்டதாக நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழி வெளியில் சொன்னபோது பெரும் விவாதம் எழுந்தது. உள்ளூர் மொழி தெரிந்தவர்களைப் பணியமர்த்த வேண்டும் என்ற பேச்சு அதன் பிறகு வலுப்பட்டது. நாடாளுமன்ற உறுப்பினருக்கு நேர்ந்தது செய்தியாகிறது. மகளைப் பார்க்க முதல்முறை விமானம் ஏறும் தாய்க்கு, ஊறுகாய் ஏன் கூடாது என்று அவருக்குத் தெரிந்த மொழியில் யாரும் சொல்லாமல் போனால், அது அவரோடே போய்விடுகிறது. தான் ஏதோ குற்றம் செய்துவிட்டோம் என்ற கூச்சத்தோடு அவர் விமானம் ஏறுகிறார். ஒருவர் தமிழில் "அம்மா, இது பெரிய பெட்டியில போட்டிருந்தா பரவாயில்ல, கையில கொண்டுபோகக் கூடாது" என்று சொல்ல ஆகும் நேரம் மிகக் குறைவு.

அறிவிப்புப் பலகைகள் இல்லாமல் இல்லை. செக்-இன் கவுன்ட்டரில் லைட்டர், பேட்டரி, எரிவாயு உருளை படங்கள் போட்ட அட்டை இருக்கிறது. ஊழியரும் பவர் பேங்க் இருக்கிறதா என்று கேட்கிறார். அந்தக் கேள்வியோடு இன்னொன்றையும் சேர்க்கலாம்: கைப்பையில் ஊறுகாய், நெய், தேன் ஏதும் உண்டா? பெரிய பெட்டி இன்னும் பக்கத்தில் நிற்கும் நிமிடம் அது. பயணி குனிந்து மாற்றி வைத்துவிடுவார். செலவு ஏதுமில்லை. நின்றுபோன பொருளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வீட்டு முகவரிக்கே அஞ்சலில் திருப்பி அனுப்பும் வசதி அமெரிக்காவின் சில நிலையங்களில் இருக்கிறது. சென்னையிலும் ஸ்கேனருக்கு அருகே அப்படி ஒரு அஞ்சல் கவுன்ட்டர் இருந்தால் பயன்படுத்த ஆள் இருக்கும்.

ஸ்ரீபெரும்புதூருக்கு அருகில் பரந்தூரில் புதிய விமான நிலையம் அமைப்பதாக 2022 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. ஏகனாபுரம் உள்ளிட்ட கிராமங்களில் மக்கள் தங்கள் வயலையும் ஏரியையும் காக்கப் போராடிவருகிறார்கள். அந்த நியாயம் இந்தக் கட்டுரையைவிடப் பெரிது, முதலில் தீர வேண்டியது அதுதான். விமான நிலையம் எங்கே, எப்படி அமைந்தாலும், இந்தத் தொழில் வட்டாரத்துக்கான புதிய முனையம் என்று ஒன்று வரையப்படும்போது, இமிகிரேஷனுக்கு முன்பே பயணி தன் கைப்பையைத் தானே சோதித்துப் பார்க்க ஒரு ஸ்கேனருக்கும் ஒரு மேசைக்கும் வரைபடத்தில் இடம் ஒதுக்க வேண்டும். கட்டி முடித்த பிறகு அதைச் சேர்ப்பது கடினம்.

பெட்டி கட்டப்படும் இடமோ விமான நிலையம் அல்ல. சுங்குவார்சத்திரத்து விடுதி அறையிலும், ஒரகடத்துக் குடியிருப்பிலும், காஞ்சிபுரத்து வீட்டுக் கூடத்திலும் முந்தின இரவே அது கட்டப்படுகிறது. பயிற்சிக்கு ஆள் அனுப்பும் ஆலைகள் விசா, டிக்கெட், தங்குமிடம் எல்லாவற்றுக்கும் தாள் கொடுக்கின்றன. அதோடு தமிழ், இந்தி, ஒடியா, கொரியன், ஜப்பானிய மொழிகளில் இன்னும் ஒரு பக்கம் சேர்த்தால் போதும்: ஊறுகாயும் நெய்யும் கசியாமல் கட்டிப் பெரிய பெட்டியில், பவர் பேங்க் கைப்பையில், கற்பூரம், கொப்பரை, லைட்டர், பெயின்ட் எதிலும் வேண்டாம், சிலை என்றால் சான்று, சிங்கப்பூர் என்றால் கசகசா வேண்டாம்.